ரோலில் மீந்த படங்கள்

இந்தப் படத்தில் இருக்கிற பெண்ணுக்குக் கண்ணைத் திறந்துவிட முடியுமா? கம்ப்யூட்டரில் இப்போது எல்லாம் முடியும் என்று என் மகள் சொன்னாள். அதனால்தான் கேட்கிறேன்.

என் மனைவி. பெயர் ராஜாமணி. பக்கத்தில் விறைப்பாக நிற்பது நான். எழுபத்தேழாம் வருஷம், ஆவணி மாதம். முகூர்த்தம் முடிந்ததும் மாலையைக்கூடக் கழற்றாமல் வண்டி பிடித்து இந்த ஊருக்கு வந்து எடுத்த படம். அந்தக் காலத்தில் ஒரே ஒரு தடவைதான் எடுப்பார்கள். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார், கையைத் தூக்கினார், வெளிச்சம் அடித்தது, போகலாம் என்றார். ஒரு வாரம் கழித்து வாங்கப் போனால் நான் ராஜா மாதிரி நிற்கிறேன், இவள் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள்.

அடுத்த மாதம் அவளுக்கு வருஷ திவசம். மாலை போட ஒரு படம் வேண்டும். காரியத்தன்று ஆதார் அட்டையில் இருந்ததைத்தான் பெரிதாக்கி வைத்தோம். வந்தவர்கள் யாரோ என்று நினைத்து என்னைப் பார்த்தார்கள். எனக்கே அது யாரோ மாதிரிதான் இருந்தது.

என்ன சொல்கிறீர்கள்? கண் திறந்த வேறு படம் இருந்தால் அந்தக் கண்ணை எடுத்து இதில் வைக்கலாமா? இருக்கிறது தம்பி. இந்த ஆல்பம் முழுக்க அவள்தான். முப்பத்தெட்டுப் படம். புரட்டிப் பாருங்கள்.

ஆமாம், அழகாகத்தான் இருக்கிறாள். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். இதையே பெரிதாக்கிவிடலாமே என்று கேட்கிறீர்கள். கூடாது. இதில் ஒன்றுகூட எனக்குத் தெரிந்து எடுத்ததில்லை. என் வீட்டுப் பின்வாசலில், என் மனைவியை, பதினோரு வருஷம், எனக்குத் தெரியாமல் எடுத்திருக்கிறார்கள். கண் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றது எனக்கு வேண்டாம்.

கடையில் இப்போது கூட்டம் இல்லை அல்லவா? உட்கார்ந்து சொல்கிறேன். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஆலையில் முப்பத்து நான்கு வருஷம் பிட்டராக இருந்தேன், பாய்லர் சத்தத்தில் யார் பேசினாலும் கேட்காது, அந்தப் பழக்கம். வீட்டில் புத்தகம் படிப்பேன். எட்டாவதோடு நின்றவன் நான், மிச்சமெல்லாம் நானே படித்துக்கொண்டது.

சர்க்கரை ஆலைக் குடியிருப்பில் எண்பதாம் வருஷம் வீடு கொடுத்தார்கள். பக்கத்து வீடு தேவசகாயம். ஆலை லேபில் சாறு சோதிக்கிற வேலை. அவனிடம் ஒரு கேமரா இருந்தது. முகூர்த்த நாளில் சுற்று ஊர்க் கல்யாணங்களுக்குப் போய்ப் படம் எடுப்பான். அவன் மனைவி லூர்து, வாய் துடுக்கு. இரண்டு வீட்டுக்கும் பின்னால் ஒரே துவைக்கிற கல், ஒரே முருங்கை மரம், நடுவில் ஒரு வேலி, வேலியில் ஆள் நுழைகிற அளவு ஒரு சந்து. அந்தச் சந்து வழியாகக் குழம்பு போகும், வரும். என் மகள் தமிழரசி பாதி நாள் அந்த வீட்டில்தான் சாப்பிட்டாள். தேவசகாயத்தை நான் கூடப் பிறந்தவனாகத்தான் நினைத்தேன். அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே சொல்ல வேண்டும்.

ராஜாமணிக்குப் படம் எடுத்துக்கொள்வது பிடிக்காது. அப்படித்தான் நான் நாற்பத்தாறு வருஷம் நினைத்திருந்தேன். யார் வீட்டு விசேஷத்திலும் கேமரா வந்தால் அடுப்படிக்குப் போய்விடுவாள். மகள் கல்யாண ஆல்பத்தில் பாருங்கள், அவள் முதுகுதான் இருக்கும். முந்தானை இருக்கும். ஒரு படத்தில் வளையல் கை மட்டும் இருக்கிறது, பாயசம் ஊற்றுகிறது.

இந்தக் கல்யாணப் படத்தைக் கண்ணாடி போட்டு முன்னறையில் மாட்டியிருந்தேன். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். பார்த்ததும் அவர்களுக்கு ஒரு சங்கடம், என்ன சொல்வதென்று தெரியாது. அதைப் போக்க நானே முந்திக்கொண்டு சொல்வேன்: "முகூர்த்தத்தன்னிக்கே தூங்கினவ, இன்னும் எந்திரிக்கல." எல்லாரும் சிரிப்பார்கள். ராஜாமணியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு கலகலப்பு இருந்தது. நான் கடுகடுவென்று இருக்கிற ஆள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி. அவள் போய் எட்டாவது மாதம், கூடத்தில் காப்பி ஆற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், போன் டிங் என்றது. பழைய குடியிருப்புக்காரர்கள் எல்லாம் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள், நூற்று நாற்பது பேர். என் மகள்தான் என்னையும் அதில் சேர்த்துவிட்டாள். தேவசகாயத்தின் மகன் ஜெரால்டு அப்பாவின் பழைய படங்களை எடுத்துத் தினமும் ஒன்று போடுவான். கரும்பு லாரி, ஆயுத பூஜை, கோலப் போட்டி. நானும் ரசித்துப் பார்ப்பேன். ஒரு பாராட்டு வார்த்தை எழுதுவேன், எழுத்துக்கூட்டி.

அன்று ராஜாமணி வந்தாள்.

முகம் மட்டும். முப்பத்தைந்து வயசு இருக்கும். கண்ணை அகலத் திறந்து, யாரையோ நேராகப் பார்த்துச் சிரிக்கிறாள். காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். நான் அந்த முகத்தைப் பார்த்ததில்லை தம்பி. அவளோடு இத்தனை வருஷம் இருந்தேன், அந்தச் சிரிப்பைப் பார்த்ததில்லை.

அதற்குக் கீழே ஒவ்வொருவராக எழுத ஆரம்பித்தார்கள். ராஜாமணி அக்கா எவ்வளவு அழகு. அந்தத் துவைக்கிற கல் ஞாபகம் இருக்கிறதா. திங்கட்கிழமைப் படம்தானே இது. யாரோ ஒருத்தி, வெங்கட்டம்மா என்று நினைக்கிறேன், "கடைசியில் ஜெயித்துவிட்டாள் நம்ம ராஜாமணி" என்று எழுதினாள். அதற்கு முப்பது பேர் கைதட்டல் படம் போட்டார்கள்.

ஜெயித்தாளா? யாரை ஜெயித்தாள்? அதென்ன திங்கட்கிழமைப் படம்? நூற்று நாற்பது பேருக்குத் தெரிந்திருக்கிறது. கட்டினவனுக்குத் தெரியவில்லை.

மகளுக்குப் போன் போட்டேன்.

"தமிழு, அம்மாவ யாரு போட்டோ எடுத்தது?"



"பாத்துட்டீங்களாப்பா? ஜெரால்டு கிட்ட போடாதன்னு சொல்லியிருந்தேன்."

"உனக்குத் தெரியுமா?"

"நானே கூட எண்ணியிருக்கேன்ப்பா, ஒண்ணு ரெண்டு மூணுன்னு. அப்பாகிட்ட சொல்லக் கூடாதுன்னு அம்மா தலைல அடிச்சு சத்தியம் வாங்கினாங்க. இப்ப எதுக்குப்பா அதெல்லாம்?"

பெற்ற மகள். ஆறு வயசிலேயே என்னிடம் மறைக்கப் பழகியிருக்கிறாள்.

குழுவிலிருந்து வெளியே வந்துவிட்டேன். "கருப்பண்ணன் வெளியேறினார்" என்று அதில் எழுதிக் காட்டியதாம். காட்டட்டும்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் திருச்சிக்குப் போனேன். தேவசகாயம் இப்போது அங்கேதான் மகனோடு இருக்கிறான். பஸ்ஸில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணம், மறுநாள் திங்கள். வாரம் தவறாமல் திங்களன்று எனக்குக் காலை ஷிப்ட் போட்டுக் கொடுத்தது யார்? டைம் ஆபீஸ் குமாஸ்தா. அவன் தேவசகாயத்தோடு சீட்டாடுகிறவன். நான் யாரையும் தப்பாக நினைக்கிறவன் இல்லை. ஆனால் கேமராவுக்குப் பின்னால் ஒரு ஆண்பிள்ளை நிற்கிறான் என்றால், முன்னால் நிற்கிற பெண் யாரைப் பார்த்துச் சிரிப்பாள், சொல்லுங்கள்.

தேவசகாயம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். முட்டி தேய்ந்துவிட்டதாம், எழுந்திருக்கவில்லை.

"வாய்யா பிட்டரு! எந்த நட்டக் கழட்ட வந்திருக்க?"

நான் உட்காரவில்லை. "உன் மகன் போட்ட படத்தப் பாத்தேன்" என்றேன். "என் பொண்டாட்டிய எதுக்குய்யா எடுத்த?"

அவன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. உள்ளே திரும்பி, "லூர்து, இங்க வா, உன் அண்ணன் வந்திருக்காரு" என்றான். அந்த அம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நான் கேட்டதை இன்னொரு தடவை கேட்டேன். கொஞ்சம் உரக்கவே கேட்டுவிட்டேன்.

"என் வீட்டு வாசல்ல நின்னுகிட்டு என் புருசனப் பாத்து என்ன கேக்குறீங்கண்ணே?" என்றாள் லூர்து. "அதுவும் போய்ச் சேந்தவளப் பத்தி. ராஜாமணி பேரச் சொல்லி. உள்ள வாங்க. உக்காருங்க. வாயத் திறக்காதீங்க."

உள்ளே போய் இந்த ஆல்பத்தைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.

நீங்களும் இப்போது நான் பார்த்த மாதிரியே பார்க்கிறீர்கள். முதல் பக்கத்திலிருந்து வரிசையாக. முதல் பத்துப் பதினொன்றில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள், இல்லையா? எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? ஆரம்பத்தில் மனசாட்சி உறுத்தியிருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டாள், போகப்போக அந்த உறுத்தலும் போய்விட்டது என்று நினைத்தேன். நடுவில் பாருங்கள், ஒரு கண் மட்டும் திறந்திருக்கிறது. இதில் இரண்டும் பாதி. இதில் திறந்திருக்கிறது, ஆனால் பயந்த மாதிரி முழிக்கிறாள். பின்னால் வரவரச் சரியாகிறது.

"இப்ப கீழ பாருங்க" என்றாள் லூர்து. "ஜெரால்டு போன்ல மூஞ்சிய மட்டும் வெட்டிப் போட்டிருக்கான். முழுசாப் பாருங்க. காலடில என்ன இருக்குது?"

நிழல். படம் எடுத்தவரின் நிழல். தேவசகாயத்தின் நிழல் என்றுதான் முதலில் பார்த்தேன். லூர்து விரலை வைத்துக் காட்டினாள். கொண்டை இருக்கிறது. இடுப்பில் செருகிய முந்தானை இருக்கிறது. இதோ, இதிலும் இருக்கிறது பாருங்கள்.

"நான்தான் எடுத்தேன். முப்பத்தெட்டும் நான் எடுத்தது. இவரு கல்யாண வீட்ல நின்னுட்டு வந்து குறட்டை விடுவாரு. ரோல்ல ரெண்டு மூணு மீந்திருக்கும். அது முடியாம கழுவ மாட்டாரு. 'எதையாச்சும் எடுத்து முடிச்சு வை'ம்பாரு. பூன, கோழி, முருங்க மரம்னு எடுத்துக்கிட்டிருந்தேன். ஒரு நாளு ராஜாமணிதான் கேட்டா. 'மீந்தத எனக்குக் குடுங்கக்கா'ன்னு."

அதனால்தான் ஆடியில் படம் இல்லை, மார்கழியில் படம் இல்லை. பின்னால் லூர்து தேதி எழுதியிருக்கிறாள், எடுத்துப் பாருங்கள். ஊரில் யாருக்கும் கல்யாணம் இல்லாத மாதத்தில் என் மனைவிக்குப் படம் இல்லை.

"எதுக்கு?" என்று கேட்டேன். "எதுக்கு இத்தன படம்?"

"கண்ணத் திறந்து நிக்கப் பழகினா அண்ணே. வெளிச்சம் கண்டா அவளுக்கு இம தானா மூடிக்கும். நான் 'மூணு'ங்கறப்பத்தான் மூடுவா. அதனால ரெண்டுலயே எடுப்பேன். அப்பவும் மூடுவா. நம்ம லைன் வீடுங்கள்ல அத்தன பேரும் வேலி ஓரம் வந்து நின்னு எண்ணியிருக்கோம். 'இந்த வாரம் திறந்தியாடி?'ன்னுதான் ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்குவோம்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

அதற்குத் தேவசகாயம்தான் சொன்னான். என் குரலில் சொன்னான். அப்படியே என் குரல்.

"'முகூர்த்தத்தன்னிக்கே தூங்கினவ, இன்னும் எந்திரிக்கல.'"

சொல்லிவிட்டு அவன் சிரிக்கவில்லை. லூர்துவும் சிரிக்கவில்லை.  என்னை மாதிரிப் பேசிக் காட்டுகிற அளவுக்கு இவன் பழகியிருக்கிறான் என்றால், என் முதுகுக்குப் பின்னால் எத்தனை தடவை பேசியிருப்பான்? வேலி ஓரத்தில் எல்லாரும் கூடி நின்று, என் மாதிரிப் பேசி, சிரித்திருப்பார்கள். அதில் ராஜாமணியும் நின்றிருப்பாள். நான் விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தை தம்பி. வீட்டுக்குள் சொன்னது. அதை எடுத்துக்கொண்டு ஒரு லைனே எனக்கு எதிராகக் கட்சி கட்டியிருக்கிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது. கடைசிப் பக்கம். அதைப் பாருங்கள்.

ஜெரால்டு போனில் போட்டது இதுதான். முகத்தை மட்டும் வெட்டிப் போட்டிருந்தான். இதில் முழுசாக இருக்கிறது. கல்யாணப் பட்டுப் புடவை கட்டியிருக்கிறாள், பார்த்தீர்களா? துவைக்கிற இடத்தில் பட்டுப் புடவை. தொண்ணூற்றிரண்டு, பொங்கல். ஏன் இப்படி ஓரமாக நிற்கிறாள் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். படத்தில் பாதி வெறும் இடமாகக் கிடக்கிறதே, லூர்துவுக்குக் கேமரா பிடிக்கத் தெரியவில்லையா என்று கேட்டேன்.

"எனக்கா தெரியாது?" என்றாள் லூர்து. "அது உங்க எடம். அதுக்கு முன்னாடி நாலு தடவ வரிசையாக் கண்ணத் திறந்துட்டா. இனிமே பயமில்லக்கா, அவரக் கூட்டிட்டு வர்றேன், ரெண்டு பேரையும் சேத்து எடுங்கன்னா. பட்டு கட்டிக்கிட்டு வந்து, எடம் விட்டு நின்னு பாத்தா. அப்பறம் உள்ள போனா உங்களக் கூப்பிட. திரும்பித் தனியா வந்தா. அதே எடத்துல நின்னா. 'அவரு தூங்குறாருக்கா, நீங்க எடுங்க'ன்னா. சிரிச்சா. எடுத்தேன். அதுக்கப்பறம் மீந்தத அவ கேக்கல."

நான் தூங்கவில்லை. அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, லூர்து சொன்னதும் வந்துவிட்டது. சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பட்டுப் புடவையோடு வந்து நின்றாள். "லூர்து அக்கா கேமரா வச்சிருக்காங்க, நாம ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்றாள். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "எதுக்கு, மறுபடியும் தூங்கவா?" என்றேன். அவ்வளவுதான். விளையாட்டுக்கு. அவள் நின்றாள், போய்விட்டாள். நானும் மறந்துவிட்டேன். அவள் ஒரு வார்த்தை, 'நான் பழகியிருக்கிறேன்' என்று சொல்லியிருந்தால் எழுந்து போயிருக்க மாட்டேனா? சொல்லாமல் விட்டது யார் தப்பு? பதினோரு வருஷம் ஒரு லைனுக்கே சொன்னவள், எனக்குச் சொல்லவில்லை. இதற்கு என்ன பெயர் தம்பி? நீங்களே சொல்லுங்கள்.

ஆல்பத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். லூர்து தரவில்லை, நான்தான் எடுத்துக்கொண்டேன். காப்பி குடிக்கச் சொன்னார்கள். குடிக்கவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் இன்னொன்று ஞாபகம் வந்தது. அதை அவர்களிடமும் சொல்லவில்லை, மகளிடமும் சொல்லவில்லை. எனக்கு அறுபது முடிந்தபோது திருக்கடையூரில் மணிவிழா. கோயிலில் ஒரு பையன் கேமரா வைத்திருந்தான், புது மாதிரி, எடுத்த உடனே பின்னால் படம் தெரியும். மாலையோடு எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து ஒன்று எடுத்தான். அன்றைக்கு ராஜாமணி அடுப்படி தேடி ஓடவில்லை. ஓட அங்கே அடுப்படி இல்லை என்று நினைத்துக்கொண்டேன். பையன் படத்தைக் காட்டினான். அதில் நான் கண்ணை மூடியிருந்தேன். வாய் வேறு கோணிக்கொண்டு. "அசிங்கமா இருக்குது, அழிச்சிடு" என்றேன். ஒரு பொத்தானை அமுக்கினான், போய்விட்டது.

ராஜாமணி என் சட்டைக் கையைப் பிடித்தாள். "இன்னொண்ணு எடுத்துக்கலாமா?" என்றாள்.

"போதும் வா, பஸ் போயிடும்" என்றேன்.

அதில் அவள் கண் திறந்திருந்ததா? எனக்குத் தெரியாது தம்பி. நான் என்னைத்தான் பார்த்தேன். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் நினைத்துப் பார்க்கிறேன், கேமராவின் அந்தச் சின்னக் கண்ணாடியில் என் முகம் வருகிறது, மாலை வருகிறது, பக்கத்தில் அவள் முகம் வரவே இல்லை.

அழித்ததை எங்கேயாவது தேடி எடுக்க முடியுமா? முடியாதா. சரி. கேட்டு வைத்தேன்.

அப்படியென்றால் ஒன்று செய்யுங்கள். கல்யாணப் படத்தை விடுங்கள். அதில் கண்ணைத் திறக்க வேண்டாம். அவள் எப்படி நின்றாளோ அப்படியே இருக்கட்டும். திவசத்துக்கு இந்தக் கடைசிப் படத்தில் அவளை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிக் கொடுங்கள், ஜெரால்டு வெட்டின மாதிரியே. மாலை போடுவதற்கு அது போதும்.

இன்னொரு பிரதி முழுசாக வேண்டும். இந்த வெறும் இடத்தோடு. இந்த இடத்தில் என்னை வைக்க முடியுமா?

தெரியும், தெரியும். இருக்கிறவரையும் போனவரையும் ஒரே சட்டத்தில் போடமாட்டார்கள். என் மகள் பார்த்தால் கூச்சல் போடுவாள். இது மாட்டுகிற படம் இல்லை, பீரோவில் துணிக்கு அடியில் வைத்துக்கொள்வேன். யாருக்கும் தெரிய வேண்டாம். நீங்களும் சொல்ல வேண்டாம்.

இந்த ஸ்டூலில் உட்காரட்டுமா? நிற்க வேண்டுமா? அவள் நிற்கிறாள், நானும் நிற்கிறேன். இந்தப் பக்கமா? சட்டை இதுவே போதும்.

எண்ணிச் சொல்லுங்கள். மூன்று வரைக்கும்.

அடடா, மூடிவிட்டேனா? வெளிச்சம் பட்டதும் தானாக மூடிக்கொள்கிறது. எடுங்கள்.

திரும்பவுமா? இல்லை, அழிக்க வேண்டாம். அது இருக்கட்டும், எல்லாமே இருக்கட்டும். உங்களுக்கு நேரமாகிறதா? கடை சாத்துகிற நேரமில்லையே?

தம்பி, இன்னொன்று எடுத்துக்கொள்ளலாமா?